கவாத்துக்கு என்ன அர்த்தம்?

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நல்லேப்பிள்ளி மாரியம்மன் முன்னால் ஈரத்துணியோடு நின்று, கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லலாம். எங்காவது நம்ப முடியாமல் போனால் அது நடந்த காரியத்தின் குற்றமே தவிர, சொன்ன வாயின் குற்றம் அல்ல.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம், ஆடி மாதம் கடைசி வாரம். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி வீசும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் கொஞ்சம் கூடுதல். நல்லேப்பிள்ளியில் ஒரு சேவல் கூவ ஆரம்பித்தால் அது கூவி முடிப்பது கொழிஞ்சாம்பாறையில். அந்த ஊர்க்காரர்கள் சேவல் வளர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள், இங்கிருந்து வருவதே தாராளம் என்று.

அப்படிப்பட்ட காற்றில், வயல் வரப்பின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு இன்லண்டு கடிதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சென்னியப்பன் பதினேழாவது தடவையாகப் படித்தான். சென்னியப்பனுக்கு முப்பத்தொரு வயது. நாலு ஏக்கர் நஞ்சை, ஒரு ஜோடி எருமை, ஒரு அம்மா. எருமைகளும் அம்மாவும் ஒரே மாதிரிதான் அவனைப் பார்ப்பார்கள், 'இவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலையே' என்கிற பார்வை.

கடிதம் வந்தது சின்னக்கானலிலிருந்து. எழுதியவள் பெரியம்மாள். அவளுடைய அப்பா அப்புசாமி, சென்னியப்பனின் அம்மா கமலாத்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு மலையேறிப் போய், தேயிலை எஸ்டேட்டில் கங்காணி ஆனவர். அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர். போன மாசி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் தங்கினார். அந்த மூன்று நாளில் சென்னியப்பன் பெரியம்மாளிடம் பேசியது மொத்தம் ஒரு வாக்கியம். "சாப்டாச்சுங்களா?" அவள் சொன்னது ஒரு சொல். "ஆச்சு." இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு அவன் நாலு மாதம் காதலித்தான். ஐந்தாம் மாதம் தைரியம் வந்து, 'என்னைக் கட்டிக்க இஷ்டமா, இல்லையா' என்று ஒரே வரியில் கடிதம் போட்டான். பதிலாக வந்தது இந்தப் பாட்டு.

கவாத்து நடக்குது மாமா – இன்னும்
கத்தி அடங்கல மாமா
கொளுந்து வரட்டும் சொல்லுறேன் – அத
லயத்துல கேக்காத மாமா

வேறொன்றும் இல்லை. நலம், நலமறிய ஆவல் என்றுகூட இல்லை. இஷ்டம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

சும்மா இருந்தால் மாதக்கணக்கில் வரப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருப்பான். ஆனால் கமலாத்தாள் ஏற்கெனவே வண்ணாமடையில் பொன்னாத்தாள் என்று ஒரு பெண்ணைப் பார்த்து, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். வெற்றிலை மாறிவிட்டால் அப்புறம் வார்த்தை மாறக்கூடாது. அதற்கு இன்னும் பதினோரு நாள். அதற்குள் இந்த நாலு வரிக்கு அர்த்தம் தெரிந்தாக வேண்டும்.

முதலில் காளிச்சாமியிடம் போனான். காளிச்சாமி பக்கத்துத் தோட்டத்துக்காரன், கூடப் படித்தவன், ரிசர்வ் போலீசில் ஆறு மாதம் இருந்து, இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் கடைசிவரை வித்தியாசம் பிடிபடாமல் திரும்பி வந்தவன். கடிதத்தை வாங்கிப் படித்ததும் நிமிர்ந்து நின்றான். குதிகாலை ஒன்று சேர்த்தான்.

"மாப்ளே, இது போலீசுக்காரன் சமாச்சாரம்டா."

"எப்படிச் சொல்றே?"

"கவாத்துன்னு எழுதியிருக்குதல்லோ? வெயில்ல நிக்க வெச்சு லெப்ட் ரைட்டுன்னு உசுர எடுப்பானுகளே, அதுக்குப் பேருதான் கவாத்து. ஆறு மாசம் அடிச்சவன்டா நானு. அவனுக்கு இன்னும் டிரெயினிங் முடியல. கத்தி அடங்கலன்னா என்ன? துப்பாக்கி முனையில சொருகற கத்தி. அதை இன்னும் திருப்பிக் குடுக்கல."

"எவனுக்குடா?"

"அவ கட்டிக்கப்போறவனுக்கு."

சென்னியப்பன் கடிதத்தில் மாமா என்கிற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினான். "அப்பறம் என்னைய எதுக்கு மாமான்னு..."

"அத்தை மவன மாமான்னு கூப்புடாம சார்னா கூப்புடுவாங்க? முறைய உட முடியுமா? மேல கேளு. கொளுந்துன்னு எழுத்துப் பெசகாப் போட்டிருக்குது. கொழுந்தன்னு எழுத வந்திருக்கோணும். கொழுந்தன் வரட்டும், சொல்லுறேன். கட்டிக்கப்போறவனோட தம்பி வந்து உன்னைப் பாத்து வெவரஞ் சொல்லுவான்."

"லயம்?"

காளிச்சாமி கொஞ்சம் யோசித்தான். "லைனுடா. வரிசைல நிக்கறப்ப வாயத் தொறக்கப்படாது. தொறந்தா மைதானத்தச் சுத்தி பத்து ரவுண்டு."

வீட்டுக்குத் திரும்பும்போது சென்னியப்பனின் நடையே மாறிவிட்டது. பார்க்காத ஒரு போலீஸ்காரன் அவனுக்கு முன்னால் மீசையோடு நடந்துகொண்டே இருந்தான். அந்த மீசை மட்டும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டில்கூடத் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்து, போலீசில் இருந்தவன் சொன்ன அர்த்தம் போலீஸ் அர்த்தமாகத்தானே இருக்கும், படித்தவரிடம் கேட்போம் என்று பஸ் ஏறி கல்பாத்திக்குப் போனான். அங்கே ராமபத்ரன் இருந்தார். தாலுக்காபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தண்டச்சீட்டையே ராகத்தோடு வாசிக்கிறவர் என்று பெயர். நிலத்துக் காகித விஷயமாகச் சென்னியப்பனின் அப்பா காலத்திலிருந்து பழக்கம். கடிதத்தை வாங்கி மடியில் விரித்து, கண்ணாடி மாட்டி, நாலு வரியையும் ஆதிதாளத்தில் போட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பன் எண்ணிப் பார்த்தான். ஒன்பது பஸ் போயிற்று.

"அடாடா," என்றார் ராமபத்ரன்.

"சாமி, பொண்ணு சரிங்குதுங்களா, இல்லீங்குதுங்களா?"

"அசடே. இது சரி, இல்லைக்கெல்லாம் அப்பாற்பட்டதாக்கும். கவாத்துன்னா அப்யாசம். மனசை அடக்கறதுக்கு அப்யாசம் நடந்துண்டிருக்கு. கத்தின்னா என்ன? ஞானக் கத்தி. அது இன்னும் அடங்கலை, கேட்டியோ? கொளுந்துன்னு பெரிய ளகரம் போட்டிருக்காள் பாரு. பெசகுன்னு நெனச்சியா? பெசகே இல்லை. கொளுந்தறதுன்னா நெருப்புப் பத்திக்கறது. ஞானாக்னி! அது வந்தா என்ன ஆறது? லயம். ஒடுங்கிப் போறது. அங்க போனப்பறம் என்னை ஒண்ணும் கேக்காதேங்கறாள். எப்பேர்ப்பட்ட பொண்ணுடா!"

"அப்ப, கல்யாணம்?"

"நோக்கா? பகவானோடன்னா அவளுக்குக் கல்யாணம்! அவள் சன்னியாசம் வாங்கிக்கப் போறாள்." ராமபத்ரன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "அவள் வந்தா என்கிட்டச் சொல்லு. நமஸ்காரம் பண்ணணும்."

இதில் சென்னியப்பனுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டாயிற்று. மீசை போய்விட்டது. ஆனால் மீசை இருந்த இடத்தில் ஒரு காவி நிறம் வந்து நின்றுகொண்டது. மீசைக்காரனோடு சண்டையாவது போடலாம். பகவானோடு என்ன செய்வது?

அன்று சாயங்காலம் அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ பாடியது மாதிரி அந்த நாலு வரியை அவளுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தான். கமலாத்தாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசி வரி மட்டும்தான் ஏறியது. அதிலும் லயம் நாயமாக ஏறியது. நாயம் என்றால் அந்தப் பக்கத்தில் ஊர்கூடிப் பேசித் தீர்க்கிற பஞ்சாயத்து.

"நாயத்துல கேக்காதயா? ஏன் சாமி கேக்கப்படாது? வில்லங்கம் இல்லீன்னா நாலு பேரு முன்னால கேக்கறதுக்கு என்ன? எவடி அவ?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. பாட்டு."

"பாட்டாம் பாட்டு. வெள்ளிக்கெழமைக்கு வெத்தலை நூறு கவுளி சொல்லியாச்சு. போயி மூஞ்சியச் செரைச்சுட்டு வா."

போலீஸ்காரன், பகவான், பஞ்சாயத்து. இந்த மூன்று பேரையும் எதிர்த்து நாலு ஏக்கர்க்காரன் என்ன செய்ய முடியும்? மறுநாள் விடிந்ததும், கம்பத்தில் நல்ல வண்டிக்காளை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடிதத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு புறப்பட்டான். எழுதியவளையே கேட்டுவிடுவது.

அம்மாவிடம் சொன்னது பொய்தான். ஆனால் அவன் போய்ச் சேர்ந்தது கம்பத்துப் பக்கமேதான். தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஏனுங்க, மெட்டு பஸ் எதுங்க?" என்று கேட்டான். சின்னக்கானலுக்குப் போடிமெட்டு என்கிற மலைக்கணவாய் வழியாகப் போக வேண்டும். கேட்கப்பட்ட கண்டக்டரோ கம்பம்மெட்டுக்காரர். மெட்டு என்றால் அவருக்கு உலகத்தில் ஒரே மெட்டுதான். ஏற்றிக்கொண்டார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவும் அப்படியொரு வளைவு. பஸ்ஸின் பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருப்பதை டிரைவரே தன் ஜன்னல் வழியாக எதிரே பார்த்துத் தெரிந்துகொண்டு நிறுத்தினார்.

கம்பம்மெட்டில் இறங்கியபோதுதான் தப்பான மெட்டு என்று தெரிந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. ஊர் முழுக்க ஏலக்காய் வாசனை. மூக்கு அடைத்தவர்களுக்குக்கூட அங்கே தும்மல் இனிக்கும். அன்றைக்கு இனிமேல் பஸ் இல்லை என்றார்கள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தான். கடைக்காரர் சூசையப்பன், அறுபது வயது, திருநெல்வேலி வம்சம். பன்னிரண்டு வருஷம் சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் போனதும் இங்கே கடை போட்டவர்.

"எங்க வே போறீரு, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

சென்னியப்பன் சின்னக்கானல் என்றான். சூசையப்பனின் முகம் மலர்ந்தது. அங்கே யார் வீட்டுக்கு என்றார். அப்புசாமி கங்காணி வீட்டுக்கு என்றான். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

"இப்பமா? கவாத்து சமயத்துலயா? அந்த மனுசன்கிட்டயா?"

சென்னியப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தான். "என்ன சொன்னீங்க?"

"கவாத்து நடக்குல்லா அங்க?"

"கவாத்துன்னா லெப்ட் ரைட்டுங்களா?"

சூசையப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தேயிலை எப்பம் வே லெப்ட் ரைட் போட்டுச்சு? கவாத்துன்னா செடிய வெட்டுதது. நாலு வருசத்துக்கு ஒருக்க, செடி வயசாகிப் போச்சுன்னா, மேல இருக்கத எல்லாம் கத்தி வச்சு முட்டிக்கால் ஒசரத்துக்குச் சீவி விட்டுருவாக. அப்பத்தான் புதுசா அடிக்கும். ஆம்பளைக அத்தன பேரு கையிலயும் கத்தி இருக்கும்."

சென்னியப்பன் எழுந்து நின்றுவிட்டான். "கொளுந்து?"

"புதுசா வாரது. எல, மொட்டு. பொம்பளைக பறிப்பாகள்லா?"

"கொழுந்தன் இல்லீங்களா?"

"எவன் கொழுந்தன்?"

"நெருப்பு இல்லீங்களா?"

"எங்க நெருப்பு?" சூசையப்பன் அவசரமாக அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"லயம்? சாமிகிட்ட ஒடுங்கறதுங்களா?"

"லயம்னா வீடு வே! எஸ்டேட்டுல வரிசையாக் கட்டி விட்டுருப்பான்லா, பத்து வீட்டுக்கு ஒரே ஓடு. இந்த வீட்டுல தும்முனா ஒம்பதாவது வீட்டுக்காரி நூறு வயசுங்குவா."

அப்போது சென்னியப்பன் ஒரு பெருமூச்சு விட்டான். பதினோரு நாளில் எட்டு நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு. எதிரே ஒரு ஏலக்காய்க் கடை வாசலில் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்த காய் அத்தனையும் எழும்பி, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் விழுந்தது. செக்போஸ்ட்டில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றில் போகிற சரக்கைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

பாட்டை முழுசாகக் கேட்ட சூசையப்பன், கேட்காமலேயே இன்னொரு டீ போட்டு வைத்தார். "இதுல என்ன வே புரியல? அந்த அப்புசாமி இருக்கானே, கவாத்து மாசத்துல எதக் கேட்டாலும் வெட்டுங்கான். ஒருக்க கோயில் கொடைக்கு வரி கேக்கப் போனோம். வெட்டுன்னுட்டான். இன்னொருக்க அவன் பொஞ்சாதி தலைய வலிக்குன்னா. அதுக்கும் வெட்டுன்னுட்டான். அதான் அந்தப் பிள்ள சொல்லுது. கவாத்து நடக்கு, அப்பன் கத்தி இன்னும் கீழ வைக்கல, கொளுந்து வாற காலத்துல மனுசன் குளுந்துருவான், அப்பம் சொல்லுதேன். லயத்துல வந்து கேட்டுராத, ஒம்பது வீட்டுக்கும் கேக்கும். எம்புட்டுத் தெளிவாச் சொல்லியிருக்கு!"

"அப்ப சம்மதங்களா?"

சூசையப்பன் கிளாசைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "சொல்லுதேன்னுதான் இருக்கு. என்ன சொல்லுவான்னு இல்லையே. செடிக்கு அர்த்தம் நான் சொல்லிட்டேன். பிள்ளைக்கு அர்த்தம் நீருதான் போய்க் கேக்கணும்."

"கொளுந்து எப்பங்க வரும்?"

"இப்பம் வெட்டுனா மூணு மாசம். ஐப்பசி."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆனாலும் அன்று அந்த டீக்கடை பெஞ்சில் சென்னியப்பன் நிம்மதியாகத் தூங்கினான். வேண்டாம் என்றே சொன்னாலும் ஒரு மனுஷி, மனுஷனுக்குச் சொல்கிற வேண்டாமாகத்தானே இருக்கும்?

மறுநாள் வந்த வழியே இறங்கி, சரியான மெட்டு ஏறி, சின்னக்கானலில் போய் இறங்கினான். அங்கே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியிருந்தது. எப்படிப்பட்ட மஞ்சு என்றால், தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மஞ்சின் மேல் போட்டான், அது அப்படியே நின்றது. கீழே தேயிலைச் செடி இருந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். செடியெல்லாம்தான் வெட்டியாயிற்றே.

லயத்தைக் கடந்துதான் காட்டுக்குப் போக வேண்டும். தேயிலை நிற்கிற மலைச்சரிவை அங்கே காடு என்பார்கள். 'லயத்துல கேக்காத' என்று எழுதியிருந்ததை மறக்காத சென்னியப்பன் துண்டை வாயில் கட்டிக்கொண்டான். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி, "யாரு நீங்க, யாரத் தேடி வந்திருக்கீக?" என்றாள். அவன் கையைக் கூப்பி, மலையைக் காட்டினான். "எந்த ஊரு?" வானத்தைக் காட்டினான். வழிகூடக் கேட்கவில்லை. கேட்காத என்றால் கேட்காத. பத்து வீட்டையும் அவன் நடந்து கடப்பதற்குள், கங்காணி மகளுக்கு ஊமை மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்கிற செய்தி அவனை முந்திக்கொண்டு மலையேறிவிட்டது.

மேலே, அவன் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையே இல்லை. முட்டிக்கால் உயரத்துக்குச் சீவிய குச்சிகள். நெல்காரன் குனிந்து ஒரு குச்சியைத் தடவிப் பார்த்தான். பாடுபட்டு வளர்த்ததை இப்படியா வெட்டுவார்கள்? வரிசையாக ஆண்கள் கத்தியை வீசிக்கொண்டே நகர்ந்தார்கள். நடுவில் காக்கி அரைக்கால் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக நின்ற அப்புசாமியின் கத்தி எல்லாருடையதையும்விட ஒரு சாண் நீளம்.

"யார்றா அது? கமலாத்தா மவனா? ஊமைன்னாளுக?"

"இல்லீங்க மாமா. பேசுவனுங்க."

"என்ன சோலி?"

சென்னியப்பன் கத்தியைப் பார்த்தான். "கவாத்துப் பாக்கலாம்னு வந்தனுங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நெல்லு அறுத்த கைதானே? இந்தா. வெட்டு."

நெல் அறுப்பது கீழே குனிந்து தன் பக்கம் இழுப்பது. கவாத்து என்பது மேல்நோக்கிச் சாய்த்து ஒரே வீச்சு. சென்னியப்பன் இழுத்தான். செடி வேரோடு வந்தது. அதைத் திரும்ப நட்டு வைத்துவிட்டு அடுத்ததை வெட்டினான். இப்படி அவன் நட்டு வைத்த செடிகள் நாற்பது. அந்த வரிசை மட்டும் இன்றைக்கும் நாற்று மாதிரிச் சாய்ந்தே நிற்கிறது.

மூன்று மணிக்குத் தேத்தண்ணி வந்தது. கொண்டு வந்தவள் பெரியம்மாள். மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டு, கடைசியாக அவனிடம் வந்தாள். தொப்பி மாதிரி மடித்துப் போட்ட சாக்கு, அதற்குக் கீழே சிரிப்பை அடக்குகிற முகம்.

"ஊமைன்னாக?"

"லயத்துல கேக்காதன்னு எழுதியிருந்தீங்க."

"அதுக்காக வழிகூடவா கேக்கக் கூடாது?" அவளுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி தளும்பியது. "ஐப்பசிக்கு வருவீகன்னு பாத்தா ஆவணியிலயே வந்து நிக்கீக. கொளுந்து வரட்டும்னு எழுதலையா நான்?"

சென்னியப்பன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். காளிச்சாமியின் போலீஸ்காரன், கொழுந்தன், ராமபத்ரனின் ஞானாக்னி, சன்னியாசம், அம்மாவின் பஞ்சாயத்து, தப்பான மெட்டு. வாழ்க்கையில் அவன் தொடர்ந்து அவ்வளவு பேசியது அன்றுதான். பெரியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய செடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சன்னியாசமா? எனக்கா? ஐயோ, நான் ஒருவேளச் சோத்த விடமாட்டேனே."

"வெள்ளிக்கெழமை வெத்தலை மாத்தறாங்க," என்றான் சென்னியப்பன். "வண்ணாமடைல. எங்கம்மா ஐப்பசி வரைக்கும் பொறுக்காதுங்க. சொன்னா இப்பச் சொல்லோணும். வேண்டாம்னாலும் பரவால்லீங்க. போயி வெத்தலைய மாத்திக்கறேன்."

சிரிப்பு நின்றது. பெரியம்மாள் அப்பாவின் பக்கம் பார்த்தாள். அப்புசாமி கத்தியைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். அப்புறம் மலையின் கீழ்ப்பக்கம் பார்த்தாள்.

"மூணு இன்லண்டு கிழிச்சுப் போட்டுட்டு நாலாவதுல எழுதுனேன் அத. கொளுந்து வரட்டும்னுதான எழுதுனேன்? எந்தக் காட்டுலன்னு எழுதலையே?"

"புரியலீங்க."

"வாங்க, காட்டுறேன்."

கீழே ஒரு திருப்பம் தாண்டி அஞ்சாம் நம்பர் காடு. அதைச் சித்திரையிலேயே வெட்டிவிட்டார்களாம். மஞ்சு விலகியது. குச்சிக்குக் குச்சி, நகம் அளவு, விரல் அளவு, புதுப் பச்சை. வெயில் அதன் வழியாகவே வருகிற மாதிரி இருந்தது. பெரியம்மாள் குனிந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

சென்னியப்பன் மூடிய கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான்.

"ஏனுங்க, இதுக்கு என்ன அர்த்தங்க?"

"சரின்னு அர்த்தம்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கும் கல்பாத்திக்குப் போவீகளா?"

இந்தத் தடவை அவனுக்கு மூச்சே வரவில்லை. வந்திருந்தால் அஞ்சாம் நம்பர் காடு மிஞ்சியிருக்காது.

"ஓடி வாங்க," என்றாள். "அப்பா கத்திய இன்னும் எடுத்திருக்க மாட்டாக."

இரண்டு பேரும் மூச்சு வாங்க மேலே வந்தபோது அப்புசாமி தேத்தண்ணியின் கடைசி மடக்கில் இருந்தார். பெரியம்மாள் நேரே போய், சாய்த்து வைத்திருந்த கத்திக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அப்பா, இவுகளக் கட்டிக்கிடட்டுமா?"

அப்புசாமியின் கை பழக்கத்தில் கத்தியைத் தேடிப் பக்கவாட்டில் போயிற்று. கத்தி கிடைக்கவில்லை. மகளின் சேலைதான் கிடைத்தது. வாயில் தேத்தண்ணி இருந்ததால் உடனே ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. விழுங்கினார். சென்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார். அவன் நட்டு வைத்த நாற்பது செடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கவாத்துக்கு லாயக்கில்ல," என்றார். "கீழயே இருந்துக்குவானா?"

"இருந்துக்குவனுங்க மாமா!"

"அப்பச் சரி."

கவாத்து மாதத்தில் அப்புசாமியின் வாயிலிருந்து சரி என்கிற சொல் வந்தது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள், அந்த வாயைப் பார்ப்பதற்கு. அவர் மறுபடி எல்லாரையும் பார்த்து "வெட்டு!" என்று கத்திய பிறகுதான் ஜனங்களுக்கு நிம்மதி வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சென்னியப்பன் நல்லேப்பிள்ளி வந்து சேர்ந்தான். கமலாத்தாள் முதலில் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் வைதாள், அப்புறம், "நம்ம அண்ணன் புள்ளதான்னு மொதல்லயே சொல்றதுக்கு உன்ற வாயில என்ன கொழக்கட்டையா?" என்றாள். நூறு கவுளி வெற்றிலையையும் அவளே ஒரு மாதம் போட்டுத் தீர்த்தாள். வண்ணாமடைக்குப் போய்ச் சொன்னபோது அங்கேயும் ஒருவருக்கும் வருத்தமில்லை. பொன்னாத்தாளுக்கு நல்லேப்பிள்ளிக் காற்றில் குடித்தனம் பண்ணப் பயமாக இருந்ததாம். காளிச்சாமி மட்டும் அந்தப் போலீஸ்காரன் வேறு எங்காவது இருப்பான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ராமபத்ரனிடம் கவாத்துக்கு உண்மையான அர்த்தத்தைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டினாத்தான் துளிர்க்கும்னா சொல்றாள்? அப்ப நான் சொன்னதுக்கும் மேலன்னா இருக்கு!" என்று கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

தை மாதம் கல்யாணம். அப்புசாமி வெறும் கையோடு வந்திருந்தார். தாலி ஏறுகிறவரை அவர் கையில் யாரும் எதையும், வெற்றிலைத் தட்டில் இருந்த பாக்குவெட்டியைக்கூட, கொடுக்கவில்லை.

பெரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டிலிருந்து வங்கிப் புத்தகம் வரை, இன்றுவரை, எல்லாவற்றிலும் பெருவிரல் ரேகைதான். அப்படியானால் அந்த இன்லண்டை எழுதியது யார் என்று கேட்டால், மறுபடி ஈரத்துணியோடு மாரியம்மன் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.